எழும்பிய கால்

ஆடி மாதத்தில் காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். முகூர்த்தம் கிடையாது. சமையல்காரர் சொந்த ஊருக்குப் போயிருப்பார், வாழைமரம் கட்டுகிற கம்பத்தில் யாராவது கைலி காயப்போட்டிருப்பார்கள். எங்கள் பிள்ளையார்பாளையத்து மண்டபம் மட்டும் விதிவிலக்கு. நாற்காலிகளை ஓரம் கட்டி, தரையில் வெள்ளை டேப் ஒட்டி, மணமேடைக்கு முன்னால் வலை கட்டி, மாதம் முழுக்க ஷட்டில் ஆடுவார்கள். வெளியே ஆட முடியாது. ஆடிக் காற்றில் இங்கே அடித்த காக் காமாட்சியம்மன் கோயில் பக்கம் போய்த்தான் விழும்.

அன்றைக்குப் பெண்கள் இரட்டையர் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் அய்யம்பேட்டைப் பெண்கள். இன்னொரு பக்கம் எங்கள் எதிர்வீட்டு மருமகள்கள், மூத்தவள் அகிலா, இளையவள் சங்கரி. எதிர்வீடு என்றால் நேர் எதிர்வீடு. என் ஜன்னலைத் திறந்தால் அவர்கள் கூடம். ஜன்னல் எப்போதும் திறந்துதான் இருக்கும், காற்றுக்காக.

அகிலாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதில் ஆரம்பித்தது இந்த ஷட்டில். நடக்கச் சொன்னார். தனியாக நடக்க வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு பேட் வாங்கிவந்து, ஓரகத்தியைக் கூட்டிக்கொண்டு தெருவிலேயே அடிக்க ஆரம்பித்தாள். பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் போன வருஷம் அவர்கள் அரையிறுதிக்கு வந்தபோது வாயை மூடிக்கொண்டார்கள். இந்த வருஷம் இறுதி. முதல் பரிசு ஆளுக்கொரு டேபிள் டாப் கிரைண்டர். அகிலா வீட்டு கிரைண்டரில் பெல்ட் அறுந்து மாசக்கணக்காகிறது. ஆட்டத்துக்குக் கிளம்புமுன் அடுப்பங்கரை மேடையில் டப்பாக்களை நகர்த்தி இடம் ஒழித்து வைத்துவிட்டுத்தான் வந்தாள். அவ்வளவு நம்பிக்கை.

இந்த வருஷம் ஒழுங்காக நடத்த வேண்டும் என்று சிவராஜ் என்கிற பி.டி. வாத்தியாரை அம்பயராகக் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். அதுவரை எங்கள் ஆட்டங்களில் அம்பயர் என்பவன் பாயின்ட் எண்ணுகிறவன், அவ்வளவுதான். யாருடைய பாதத்தையும் யாரும் பார்த்தது கிடையாது. சிவராஜ் பார்த்தார்.

"ஃபால்ட்! ரைட் ஃபுட்!"

கடைசி செட். சங்கரி சர்வீஸ் போட்டிருந்தாள். காக் அழகாகத்தான் போனது.

"இன்னா சார் ஃபால்ட்டு?" என்றாள் அகிலா.

"சர்வீஸ் போட்டு முடிக்கிற வரைக்கும் ரெண்டு காலும் தரையில அசையாம இருக்கணும்மா. அவங்க கால எடுத்துட்டாங்க."

"நான் எங்க சார் எடுத்தேன்?" என்றாள் சங்கரி. பொய் சொல்கிறவள் முகமாகத் தெரியவில்லை. ஆனால் எடுத்தாள். நானே பார்த்தேன், வலது கால் லேசாக எழும்பி மறுபடி தரையில் அழுந்தியது.

அடுத்த முறை அவளிடம் சர்வீஸ் வந்தபோது, "ஃபால்ட்! லெஃப்ட் ஃபுட்!" என்றார் சிவராஜ். கூட்டத்தில் எவனோ விசிலடித்தான். சங்கரிக்கு முகம் வெளுத்துவிட்டது. கீழே குனிந்து தன் பாதத்தையே பார்த்தாள். அப்புறம் எப்படியோ இரண்டு பேருமாக இழுத்துப் பிடித்து ஏறக்குறைய சமமாகக் கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கம் இருபது, இந்தப் பக்கம் பத்தொன்பது. சர்வீஸ் சங்கரி கையில். மண்டபத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"ஃபால்ட். ரைட் ஃபுட். கேம்."

அய்யம்பேட்டைப் பெண்கள் துள்ளிக் குதித்தார்கள். அதில் அதிகம் துள்ளியவள் ரேவதி, சங்கரியின் கூடப் பிறந்த தங்கை. வந்த வினையே அதுதான்.

இரண்டாம் பரிசு ஆளுக்கொரு ஹாட் பாக்ஸ். அகிலா தன்னுடையதை வாங்கிக்கொள்ளவில்லை. சங்கரிதான் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்துவந்தாள். வழியெல்லாம் அகிலா ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு விடாமல் பேசுகிறவள் பேசாமல் வந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் தெருவுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை கொளுத்திப் போட்டது என் வீட்டுக்காரிதான், மறைப்பானேன். குழாயடியில் அகிலாவிடம், "மூணாவது வரிசையில மஞ்சப்பையோட ஒரு வாலாஜாபாத்து அம்மா உக்காந்திருந்தாங்களே, ரேவதிக்குப் பாத்திருக்கிற பையனோட அம்மாவாமே?" என்று கேட்டுவிட்டாள். அகிலா குடத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். தண்ணீர் வழிந்து தெருவில் ஓடியது. என் ஜன்னலுக்கு எல்லாம் கேட்டது.

"அந்த மஞ்சப்பை அம்மா யாருடி?"

"எந்த அம்மாக்கா?"

"நடிக்காத. ஒன் தங்கச்சிக்கு மாமியாரா வரப் போறவ. ஆமாவா, இல்லியா?"

சங்கரி கேள்வியைத் திருப்பினாள். "ஆடி மாசத்துல யாராச்சும் பொண்ணு பாக்க வருவாங்களாக்கா?"

"அதான்டி! பொண்ணு பாக்க வரக் கூடாதுன்னுட்டு ஆட்டம் பாக்க வர மாரி வந்துக்கினாங்க. பொண்ணு பரிசு வாங்கறத மாமியாக்காரி கண்ணால பாக்கணும். அதுக்கு அக்காக்காரி இங்க கால எடுக்கணும். எனக்குப் புரியாதுன்னு நெனச்சியா?"

சங்கரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏனென்றால் பாதி உண்மை. அந்த அம்மாள் வரப்போவது அவளுக்கு முன்பே தெரியும். ஆடி கழிகிற வரைக்கும் வெளியே மூச்சு விடாதே என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். அதனால் ஒரே வீட்டில், ஒரே தறியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அகிலாவிடம் சொல்லவில்லை. ஒரு விஷயத்தை மறைத்தவள் இன்னொன்றையும் மறைக்க மாட்டாளா?

அகிலாவின் புருஷன் ராஜகோபால் திண்டில் சாய்ந்தபடி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். மெதுவாகப் பேசுகிறவன், ஆனால் ஒன்று சொன்னால் அது தெருமுனை வரைக்கும் போகும்.

"ஒரு தபான்னா தெரியாம எடுத்தான்னு சொல்லலாம். மூணு தபா. அதுவும் வலது, இடது, வலதுன்னு மாத்தி மாத்தி. தெரியாம எடுக்கறவ ஒரே காலத்தானே எடுப்பா? ஒரு கால வாத்தியார் கவனிச்சிட்டாருன்னு இன்னொரு கால எடுத்திருக்கா. இது யோசிச்சு எடுத்த காலு."

அன்றைக்கு மத்தியானத்துக்குள் பிள்ளையார்பாளையம் முழுக்க அந்த 'மாத்தி மாத்தி' பரவிவிட்டது. டீக்கடையில் கேட்டேன், சாயப்பட்டறையில் கேட்டேன். கேட்டவர்கள் எல்லோரும் "அதானே" என்றார்கள். சும்மா சொல்லக் கூடாது, நானும் சொன்னேன்.

அந்த வீட்டு வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கூடத்தில் இரண்டு குழித்தறி. இரண்டிலும் கோர்வைச் சேலை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் ஒரு தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி மிதித்து, உடம்புக்கான நாடாவை, அதாவது குறுக்கு இழை சுற்றிய கட்டையை, ஓட்டுவார். மிதித்தால்தான் பாவு என்கிற நீள இழைகள் மேலும் கீழும் பிரிந்து நாடாவுக்கு வழி விடும். இன்னொருவர் பக்கத்தில் சம்மணம் போட்டுக் கரைக்கான நாடாவைக் கையால் போட்டுக்கொடுப்பார். அவருக்குக் கால் வேலை கிடையாது. ஒரு தறியில் குழியில் சங்கரி, கரைக்கு அகிலா. இன்னொன்றில் குழியில் சங்கரியின் புருஷன் வேல்முருகன், கரைக்கு அவன் அண்ணன் ராஜகோபால். மூட்டு வலிக்காரன் குழியில் இறங்க முடியாது, அதனால் இந்த ஏற்பாடு.

அன்றிலிருந்து அகிலா தறியில் உட்காரவில்லை. மயில் கழுத்து நிற உடம்பும் அரக்குக் கரையுமாகப் பாதிச் சேலை அப்படியே நின்றது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கடையில் கேட்டிருந்த சேலை. அதோடு போயிற்றா? பரண் மேல் கிடந்த கரண்டு அடுப்பை இறக்கித் துடைத்து, கூடத்து மூலையில் வைத்து, தனக்கும் தன் புருஷனுக்கும் தனியாக உலை வைத்தாள். மூலையில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும், அடுப்பங்கரையில் சங்கரி ரசம் வைத்துக்கொண்டிருப்பாள். பதினைந்து வருஷமாக ஒரே பானையில் சோறு வடித்த வீடு. என் வீட்டுக்காரிக்கே மனசு கேட்கவில்லை. "நான் கேட்டிருக்கக் கூடாதுங்க" என்றாள். கேட்டுவிட்டு என்ன பண்ண?

அம்மனுக்குக் கூழ் ஊற்ற மாவு வாங்க வந்தவர்கள் வழக்கம்போல வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு மாவு கேட்டார்கள். சங்கரி கொண்டுவந்து போட்டாள். மூட்டையைக் கட்டப் போனபோது அகிலா உள்ளேயிருந்து வந்தாள், கையில் இன்னொரு படி.

"இந்த ஊட்டு மாவு வந்துடுச்சேம்மா?"

"அது அவங்க மாவு. இது என்துது. என் அடுப்பு வேற."

மாவு வாங்க வந்தவர்கள் சங்கரி முகத்தைப் பார்த்தார்கள். அவள் உள்ளே போய்விட்டாள். அம்மன் முன்னாலேயே வீடு இரண்டு என்று சொன்ன பிறகு அதற்கு மேல் என்ன இருக்கிறது? இனி பாகப் பிரிவினைப் பேச்சுதான் பாக்கி என்றது தெரு.

இதெல்லாம் சங்கரிக்கு வலித்திருக்கும். ஆனால் அவளை உடைத்தது வேறு. வேல்முருகன் நல்லவன். அண்ணனுக்கு எதிரில் ஒரு வார்த்தை பேசாதவன். அகிலா விட்ட இடத்தில், தன் தறியை நிறுத்திவிட்டு மத்தியானங்களில் பொண்டாட்டி பக்கத்தில் கரைக்கு உட்கார்ந்தான். ஒரு தறி ஓடினால் இன்னொன்று நிற்கும். அப்படி ஒரு மத்தியானம் நாடாவைப் போட்டபடியே கேட்டானாம்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத."

"கேளுங்க."

"யாருக்காக எடுத்த?"

"இன்னாத்த?"

"கால."

சங்கரி கையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "யாருக்காகவும் இல்ல."

"செரி" என்றான் அவன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அறுந்த இழையைப் பிணைக்கிற மாதிரி குனிந்துகொண்டான். இழை ஒன்றும் அறுந்திருக்கவில்லை.

இதை என் வீட்டுக்காரியிடம் சொல்லிச் சங்கரி அழுத அழுகை இருக்கிறதே. "அக்கா கேட்டா கேக்கட்டும்கா. ஊரு பேசினா பேசட்டும். இவரு 'செரி'ன்னாரு பாருங்க, அத மட்டும் என்னால தாங்க முடியல" என்றாள். "அந்தக் கால நான் அடக்கிக் காட்டலேன்னா இந்த ஊட்ல நான் இருந்து இன்னா பிரயோஜனம்?"

அதற்கு அவள் பிடித்த ஆள்தான் தப்பு. எனக்குத் தெரிந்து அந்த நேரத்தில் யாரிடம் போகக் கூடாதோ அவளிடமே போனாள். ரேவதி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடித்து விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள். அந்த நேரத்தில் மண்டபம் பெருக்கத் திறந்திருக்கும். அக்காளும் தங்கையும் அங்கே போய் சர்வீஸ் போட்டுப் பழக ஆரம்பித்தார்கள்.

"பாத்தீங்களா? ஜெயிச்சவளும் தோத்தவளும் ஒண்ணா ஆடிக்கினு இருக்காங்க" என்றாள் அகிலா, பால் பூத்தில் என்னிடம். "இனிமே சந்தேகம் வேற எதுக்கு?"

எனக்கும் சந்தேகம்தான். பால் பாக்கெட்டோடு போய் மண்டபத்து வாசலில் எட்டிப் பார்த்தேன். ரேவதி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு செல்லில் சங்கரியின் பாதங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை.

"பாருக்கா. கையப் பாக்காத, கால மட்டும் பாரு."

சங்கரி பார்த்தாள். மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். "இது என் காலா?"

"பின்ன யார் காலு? மெட்டிய பாரு."

"நான் எடுக்கலியேடி. எடுக்கணும்னு நெனைக்கவே இல்லியே." அப்படியே மணமேடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒருவேள நான் வேணும்னேதான் எடுத்தேனோ ரேவதி? நீ ஜெயிக்கணும்னு எனக்குள்ளயே இருந்துதோ? இருந்துதுடி. அந்த அம்மா உக்காந்திருக்கிறதப் பாத்ததும் நீ நல்லா ஆடணும்னு சாமிய வேண்டிக்கினேன்."

"வேண்டிக்கினா காலு தூக்குமாக்கா? லூசு மாரி பேசாத. எழுந்திரு."

தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள் பாருங்கள். எனக்கு அதற்கு மேல் நின்று பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் நின்றேன்.

ரேவதி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பழைய காக் இரண்டை எடுத்து அக்காவின் இரண்டு பாதத்தின் மேலும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள். "இது வுழாம சர்வீஸ் போடு."

சங்கரி போட்டாள். வலது காலில் இருந்தது உருண்டது. எடுத்து வைத்தார்கள். இந்த முறை இடது காலில் இருந்தது.

"அடிக்காதக்கா, கட்டவெரலால தள்ளு. பேட்ட ரொம்ப இறுக்கிப் புடிச்சிருக்க, லூசா புடி. காக்க எறகு நுனில புடிச்சிக்கோ, அப்படியே விட்டுட்டுத் தள்ளு. வல மேல இருக்கிற டேப்ப ஒரசிக்கினு போற மாரி போவணும். மூச்ச இழுத்து விட்டுட்டு அப்புறம் போடு."

"கையில இவ்ளோ இருக்குதா?"

"கை ஒனக்கு நல்லாத்தான் இருக்குது. காலுதான் ஒனக்கு எதிரி."

விழ விழ எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்கள். தொடர்ந்து பல காலைகள். காற்று மண்டபத்துக் கதவை அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே இவள் சிலை மாதிரி நின்று சர்வீஸ் போட்டுக்கொண்டிருப்பாள். கடைசியில் ஒரு காலை, ஒரு கூடை காக் முழுவதையும் போட்டு முடித்தாள், பாதத்தின் மேல் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒன்றுகூட வலையில் சிக்கவில்லை. ரேவதி "அக்கா!" என்று கத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சங்கரி சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகத்தான் போனாள். ஆனால் போய் யாரிடம் சொல்வாள்? அகிலா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வேல்முருகன் குளிக்கப் போயிருந்தான்.

அன்றைக்கு மத்தியானம்தான் தறியில் அது ஆரம்பித்தது.

"கால மாத்தலியா நீ?" என்றான் வேல்முருகன்.

பார்த்தால் ஒரே வழியில் இரண்டு தரம் நாடா ஓடியிருக்கிறது. கால் மாறி மிதிக்காவிட்டால் பாவு மாறிப் பிரியாது. ஒரு இழை படுக்க வேண்டிய இடத்தில் இரண்டு படுத்து, பட்டில் தடிப்பாக ஒரு கோடு விழும். தறி பழகும் குழந்தை செய்கிற தப்பு. சங்கரி குழியில் இறங்கிய முதல் வருஷத்துக்குப் பிறகு செய்யாத தப்பு.

பிரித்தார்கள், மறுபடி நெய்தார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் கோடு. கை இழுக்கிறது, கால் மிதிக்கட்டை மேல் சும்மா கிடக்கிறது. சங்கரிக்கு வேர்த்துவிட்டது. ஒரு தரம் பாவு பிரியாமலே நாடாவை விட்டு, அது இழைகளை அறுத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. வேல்முருகன் அறுந்ததைப் பிணைத்தான். அண்ணன் பார்ப்பதற்குள் பிரித்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் அவசரப்பட்டார்கள். அவசரத்தில் பிரிக்காமல் விட்ட கோடு ஒன்று இருந்தது.

கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. தெருவெல்லாம் பம்பைச் சத்தம், வேப்பிலை. அம்மனுக்குப் படைத்த கூழை இரண்டு தூக்கில் ஊற்றி எதிர்வீட்டில் கொடுக்கச் சொன்னாள் என் வீட்டுக்காரி. ஒரே தூக்கில் கொண்டுபோனால் யாரிடம் கொடுப்பது? வாசலில் காலை வைத்தேன், உள்ளே சண்டை.

ராஜகோபால் தறியில் சுருட்டியிருந்த சேலையைக் கொஞ்சம் அவிழ்த்து விரலால் தடவிக் காட்டிக்கொண்டிருந்தான். "இது இன்னா கோடு? பதினஞ்சு வருஷத்துல ஒரு கோடு பாத்திருப்பியா இவ சேலையில? ஆட்டத்தக் கெடுத்தாச்சு. இப்போ சேலையக் கெடுக்கறா. கடைக்காரன் திருப்பி அனுப்பினா தறியப் பிரிச்சிக்கலாம்னு சொல்லலாம்ல? அடி போடறா."

"சத்தியமா இல்ல மாமா. காலு வர மாட்டேங்குது. நானும் மிதிக்கணும் மிதிக்கணும்னுதான்..." என்றாள் சங்கரி.

"அங்க வேணாங்கறப்ப காலு வந்துது. இங்க வேணுங்கறப்ப காலு வரலியா? நல்லா இருக்குதும்மா ஒங் காலு" என்றாள் அகிலா.

கையில் தூக்கோடு நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். யாரும் என்னை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் வேல்முருகன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அண்ணி, தெரியாம எடுத்திருப்பா அண்ணி. விட்டுடுங்க."

"தெரியாம எவன் எடுப்பான் வேலு? கால ஒருத்தன் தூக்கறது அவனுக்கே தெரியாதா?" அகிலா ஆணியில் மாட்டியிருந்த பேட்டை எடுத்தாள். ஆட்டத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதைத் தொடுகிறாள். காக் ஒன்றையும் எடுத்து இரண்டையும் அவன் கையில் திணித்தாள். "இந்தா, நீயே போடு. நீ ஆட்டக்காரன் இல்ல, ஒனக்கு யாரையும் ஜெயிக்க வெக்கிற வேல இல்ல. ஒங் காலு எழும்புதா, நான் பாக்கறேன்."

"எனக்கு இதெல்லாம் தெரியாது அண்ணி. புடிச்சதே இல்ல."

"காக்க வுட்டு பேட்டால தள்ளு. அவ்ளோதான். போடு!"

வேல்முருகன் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தான். கூடத்து நடுவில், இரண்டு தறிக்கும் இடையில் நின்று, காக் கையை விட்டதும் பேட்டால் தள்ளினான். காக் என் காலடியில் வந்து விழுந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அவன் வலது கால் லேசாக எழும்பித் தரையில் அழுந்தியதைத்தான் பார்த்தேன்.

அகிலாவும் பார்த்தாள். "கால ஏன் எடுத்த?"

"நான் எங்க அண்ணி எடுத்தேன்?"

மண்டபத்தில் சங்கரி சொன்ன அதே வார்த்தை. அகிலா கீழே விழுந்ததைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இப்போது அவள் குரலில் அந்த வேகம் இல்லை. "இன்னொண்ணு போடு."

இடது கால்.

"இன்னொண்ணு."

வலது கால். எழும்பி, அழுந்தி.

தெருவில் பம்பை அடித்துக்கொண்டு போனார்கள். "குடு இங்க" என்று ராஜகோபால் பேட்டைப் பிடுங்கினான். அவனும் பிடித்ததே இல்லை. தள்ளினான். காக் குழிக்குள்ளே போய் விழுந்தது. பாதம் இரண்டும் ஆணி அடித்த மாதிரி தரையிலேயே இருந்தன. மறுபடி தள்ளினான். கால் நகரவே இல்லை. தான் ஜெயித்துவிட்ட மாதிரி பொண்டாட்டியைப் பார்த்தான். பாவம், அவனுக்கு இன்னும் புரியவில்லை.

அகிலா தறிக்குப் போய்க் குழி ஓரத்தில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்த மிதிக்கட்டைகளைப் பார்த்தாள். பிறகு கரையோரம் தான் உட்காரும் மணையைப் பார்த்தாள். அதன் எதிரில் காலுக்கு ஒன்றும் கிடையாது.

"மிதிக்கறாங்க" என்றாள் புருஷனிடம். "ரெண்டு பேரும் மிதிக்கறாங்க. கை போவணும்னா கால் மொதல்ல மிதிக்கணும். வலது, இடது, வலது. குழியில உக்காந்து உக்காந்து அப்படியே ஆயிடுச்சி. நீயும் நானும் சம்மணம் போட்டு உக்காந்திருக்கறவங்க, நமக்கு எப்படி எழும்பும்?" முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "பக்கத்துலயே உக்காந்திருந்தேனேடி சங்கரி. தெனம் இந்தக் காலப் பாத்துக்கினுதானே உக்காந்திருந்தேன்."

"அதுக்காகப் பொண்ணு பாக்க வந்தத மறைச்சது செரியாப் போச்சா?" என்றான் ராஜகோபால். விட மனசில்லை.

"மறைச்சது தப்புதான் மாமா. அதுக்கு எவ்ளோ வேணா திட்டுங்க. அக்கா, நீயும் திட்டு."

"திட்டாம வுடுவேனா? நிச்சயத்துக்கு நான் வர மாட்டேன் பாரு" என்ற அகிலா எழுந்து, என் கையில் இருந்த தூக்குகளை அப்போதுதான் பார்த்தாள். "இன்னாங்க ரெண்டு தூக்கு?"

"ஆளுக்கொண்ணு..." என்று இழுத்தேன்.

அவள் இரண்டையும் வாங்கினாள். அடுப்பங்கரை மேடைக்குக் கீழே அட்டைப் பெட்டிகூடப் பிரிக்காமல் கிடந்த ஹாட் பாக்ஸில் ஒன்றை இழுத்து, பிரித்து, கழுவி, இரண்டு தூக்குக் கூழையும் அதில் ஊற்றி மூடினாள். "கோட்டப் பிரிச்சிட்டு வந்து குடிக்கலாம். வாடி. மண்டபத்துல கால அடக்கி அடக்கிப் பழகிட்ட, அது இப்போ சொன்ன பேச்சு கேக்காது, நான் சொல்லச் சொல்ல மிதி."

சங்கரி உடனே போகவில்லை. வேல்முருகன் இன்னும் கூடத்து நடுவிலேயே நின்றுகொண்டிருந்தான். தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனுக்கு நேர் எதிரில் போய் நின்றாள். அழுத முகம்தான், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"யாருக்காக எடுத்தீங்க?"

வேல்முருகனுக்கு முகம் செத்துவிட்டது. உதட்டை நனைத்துக்கொண்டான். அண்ணனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான்.

"யாருக்காகவும் இல்ல."

"நான் நம்பறேங்க" என்றாள் சங்கரி.

சொல்லிவிட்டுப் போய்க் குழியில் இறங்கி உட்கார்ந்தாள். அகிலா பக்கத்து மணையில் சம்மணம் போட்டாள். நான் காலித் தூக்குகளை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தின பிறகும், "வலது... இடது..." என்று அகிலா சொல்லிக்கொடுப்பது கேட்டுக்கொண்டிருந்தது.